ஒரே மாதத்தில் 10 கிலோ குறையுமா? எடை குறைப்பு மாத்திரைகள் சொல்லாத கதை!

நிச்சயதார்த்தம் முடிந்த மறுநாளே அந்தப் பேச்சு ஆரம்பித்துவிடும். "கல்யாணத்துக்கு இன்னும் மூணு மாசம்தான் இருக்கு. போட்டோல கொஞ்சம் பூசினாப்ல தெரியுறே, உடம்பைக் குறைச்சுக்கோடி" என்பார் அத்தை. அளவெடுக்கும் டெய்லர் அக்கா, "எதுக்கும் உள்ள துணி விட்டே தைக்கிறேன்மா" என்பார். ராத்திரி மொபைலைத் திறந்தால், யாரும் சொல்லாமலேயே அதற்கும் விஷயம் தெரிந்திருக்கும். 'டயட் வேண்டாம், ஜிம் வேண்டாம், 30 நாளில் 10 கிலோ' என்று ஒரு விளம்பரம் வந்து நிற்கும். நாலாவது நாள் கூரியரில் ஒரு டப்பா வரும். அம்மாவுக்குத் தெரியாமல் பீரோவில் சுடிதார்களுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும்.

இது ஏதோ ஒரு வீட்டில் நடக்கும் கதை அல்ல. மணப்பெண்ணின் இடத்தில் பிரசவமாகி ஆறு மாதமான அம்மா இருக்கலாம். பி.சி.ஓ.டி இருக்கும் கல்லூரி மாணவி இருக்கலாம். 'தொப்பை முன்னாடி வருது, சார் பின்னாடி வர்றாரு' என்று ஆபீஸில் கிண்டல் கேட்டுக்கேட்டுச் சலித்துப்போன கணவரும் இருக்கலாம்.

2019-21-ல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 40.4 சதவிகிதம் பேர் அதிக எடை அல்லது உடல்பருமனோடு இருக்கிறார்கள். ஆண்களில் 37 சதவிகிதம். பத்துப் பெண்களில் நான்கு பேர் என்றால், சந்தை எவ்வளவு பெரியது என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

எடையைக் குறைக்க மருந்து தேடுவது தவறில்லை. உடல்பருமன் ஒரு நோய். அதற்கு முறையான மருந்துகளும் இருக்கின்றன. ஆனால், எந்த மாத்திரை, யார் கொடுத்தது, அதற்குள் என்ன இருக்கிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் தெரியாமல் விழுங்குவதில்தான் ஆபத்து.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

உடலில் சேர்ந்திருக்கும் ஒரு கிலோ கொழுப்பு கரைய வேண்டுமென்றால், சுமார் 7,700 கலோரி செலவாக வேண்டும். 10 கிலோவுக்கு 77,000 கலோரி. அதை 30 நாளில் முடிக்க வேண்டுமென்றால், தினமும் சுமார் 2,570 கலோரி கூடுதலாக எரிய வேண்டும்.

உட்கார்ந்த இடத்திலேயே வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கு ஒருநாள் முழுவதற்கும் தேவைப்படும் ஆற்றலே சுமார் 1,660 கலோரிதான் என்கிறது ஐ.சி.எம்.ஆர் - தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020-ம் ஆண்டுப் பரிந்துரை. அதாவது, அந்தப் பெண் ஒரு மாதம் முழுக்கப் பச்சைத் தண்ணீரை மட்டும் குடித்துப் பட்டினி கிடந்தாலும்கூட, கணக்குப்படி ஆறரை கிலோ கொழுப்புக்கு மேல் கரையாது. மூன்று வேளையும் சாப்பிட்டுவிட்டு, ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு 10 கிலோ கொழுப்பைக் கரைக்கலாம் என்பது கூட்டல் கழித்தலுக்கே ஒத்துவராத வாக்குறுதி.

"இல்லியே, என் ஃபிரெண்டுக்கு முதல் வாரமே மூணு கிலோ குறைஞ்சுதே?" என்று கேட்கலாம். குறைந்திருக்கும். ஆனால், குறைந்தது கொழுப்பு அல்ல, பெரும்பாலும் தண்ணீர். நம் தசைகளிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜன் என்ற வடிவில் சர்க்கரை சேமிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் தன்னோடு சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாடு குறைந்ததும் முதலில் காலியாவது இந்தச் சேமிப்புதான். கூடவே தண்ணீரும் வெளியேறும். சோறு சாப்பிட்ட இரண்டாம் நாளே அது திரும்பி வந்துவிடும்.

சில மாத்திரைகளில் சிறுநீர் அதிகம் போகவைக்கும் மருந்தும், பேதி மருந்தும் கலந்திருக்கும். இவையும் தராசு முள்ளைத்தான் ஏமாற்றும். சாப்பாட்டிலுள்ள கலோரியை நம் உடல் சிறுகுடலிலேயே எடுத்துக்கொண்டுவிடும். பேதி மருந்து பெரும்பாலும் வேலை செய்வது பெருங்குடலில். அதனால், போவது தண்ணீரும் பொட்டாசியம் போன்ற உப்புகளும்தான். பொட்டாசியம் அளவுக்கு மீறிக் குறைந்தால் இதயத் துடிப்பே தாறுமாறாகும்.

வெடிமருந்து ஆலையிலிருந்து வந்த 'ஸ்லிம்' மாத்திரை

எடை குறைப்பு மாத்திரைகளின் கதை இன்று நேற்று ஆரம்பித்தது அல்ல. முதல் உலகப்போர் சமயத்தில், பிரான்ஸின் வெடிமருந்து ஆலைகளில் வேலை பார்த்தவர்கள் விநோதமான உபாதைகளால் அவதிப்பட்டார்கள். கொட்டும் வியர்வை, காய்ச்சல், காரணமே இல்லாமல் உடல் இளைப்பது... சிலர் இறந்தும்போனார்கள். காரணம், அங்கே பயன்படுத்தப்பட்ட டைநைட்ரோபீனால் என்ற ரசாயனம்.

'உடல் இளைக்கிறதா, அப்படியென்றால் மருந்தாகப் பயன்படுமே' என்ற யோசனை அடுத்து வந்தது. 1933-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் வின்ட்சர் கட்டிங், மாரிஸ் டெய்ன்டர் ஆகியோர், இது எடையைக் குறைக்கிறது என்று அறிவித்தார்கள். மருந்துக்கடைகளில் சர்வசாதாரணமாகக் கிடைத்தது. ஓராண்டுக்குள்ளாகவே அமெரிக்காவில் சுமார் ஒரு லட்சம் பேர் அதைச் சாப்பிட்டிருப்பார்கள் என்பது டெய்ன்டரே 1934-ல் போட்ட கணக்கு.

நம் செல்கள் உணவை எரித்து ஆற்றலாகச் சேமிக்கின்றன. இந்த ரசாயனம் அந்தச் சேமிப்பை நடக்கவிடாது. எரிவதெல்லாம் வெறும் சூடாக வீணாகும். அடுப்பு எரிகிறது, ஆனால் பாத்திரம் மேலே இல்லை என்பது போல. அளவு கொஞ்சம் கூடினாலும் உடல் சூடு ஏறிக்கொண்டே போகும். அதை இறக்க மாற்றுமருந்து இன்றுவரை கிடையாது. இளம்பெண்களுக்குக்கூடக் கண்புரை வந்தது. மரணங்களும் நிகழ்ந்தன. 1938-ல் அமெரிக்காவில் புதிய மருந்துச் சட்டம் வந்த பிறகு, மனிதர்கள் சாப்பிடத் தகுதியற்றது என்று இது ஒதுக்கப்பட்டது.

அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால், 'ஃபேட் பர்னர்' என்ற பெயரில் இன்டர்நெட்டில் இது மறுபடி தலைகாட்டியது. பிரிட்டனில் இளம்வயதினர் சிலர் இதைச் சாப்பிட்டு உயிரிழந்தார்கள். 2023 அக்டோபரில் அந்த நாடு இதைக் கட்டுப்படுத்தப்பட்ட விஷங்களின் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது. 90 ஆண்டுகளுக்கு முன்பு மருந்துக்கடையில் விற்ற மாத்திரை, இன்று சட்டப்படி விஷம்.

கலர் கலராக வந்த ஆபத்து

1960-களில் அமெரிக்காவில் 'ரெயின்போ பில்ஸ்' பிரபலம். எடை குறைப்பு கிளினிக்குகளில் ஆளுக்கொரு கலர் காம்பினேஷன் கொடுப்பார்கள். 'எனக்கென்றே டாக்டர் கொடுத்த மருந்து' என்ற நம்பிக்கை வருவதற்குத்தான் அந்த வண்ணங்கள். உள்ளே இருந்தவையோ, பசியை மரத்துப்போகச் செய்யும் ஆம்ஃபெடமின், தைராய்டு ஹார்மோன், சிறுநீர் மருந்து, பேதி மருந்து, இதய மருந்து. இவற்றால் வரும் படபடப்பையும் தூக்கமின்மையையும் அடக்க ஒரு தூக்க மருந்து. பல மரணங்களுக்குப் பிறகு, 1968-ல் அமெரிக்க செனட்டிலேயே விசாரணை நடந்தது.

அடுத்தது, 'ஃபென்-ஃபென்' அலை. ஃபென்ஃப்ளூரமின், ஃபென்டெர்மின் என்ற இரண்டு மருந்துகளின் கூட்டணி இது. 1996-ம் ஆண்டில் மட்டும் அமெரிக்காவில் இந்த மருந்துகளுக்கு 1.8 கோடிக்கும் அதிகமான மருந்துச் சீட்டுகள் எழுதப்பட்டன. நார்த் டகோட்டா மாநிலத்தின் ஃபார்கோ நகரில் எக்கோ ஸ்கேன் எடுக்கும் ஒரு பெண் டெக்னீஷியனுக்குத்தான் முதலில் பொறி தட்டியது. இதய வால்வு கெடும் வயதே இல்லாத பெண்கள் வால்வில் கசிவோடு வருகிறார்களே, எல்லோரும் இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களாக இருக்கிறார்களே என்று கவனித்தார். பிறகு, மேயோ கிளினிக் டாக்டர் ஹெய்டி கானலி தலைமையிலான குழு, 24 பெண்களின் விவரங்களைத் திரட்டி 1997 ஆகஸ்டில் மருத்துவ இதழில் வெளியிட்டது. அடுத்த மாதமே ஃபென்ஃப்ளூரமினும், அதன் நெருங்கிய உறவான டெக்ஸ்ஃபென்ஃப்ளூரமினும் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன.

இதை அப்படியே நம் வீட்டோடு பொருத்திப் பாருங்கள். அந்தப் பெண்கள் யாரும் தெருவோரத்தில் வாங்கிச் சாப்பிடவில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்து, மெடிக்கலில் வாங்கிச் சாப்பிட்டவர்கள். முறையான கண்காணிப்பு இருந்ததால்தான் ஆபத்து வெளியே தெரிந்தது. சீட்டும் இல்லாமல், பில்லும் இல்லாமல், கூரியரில் வரும் டப்பாவால் ஒருவருக்கு ஏதாவது ஆனால், அது எந்தக் கணக்கில் வரும்?

பெயர் மாறினால் குணம் மாறுமா?

பிரான்ஸில் நடந்தது இன்னும் கொடுமை. 'மீடியேட்டர்' என்ற பெயரில் ஒரு மாத்திரை, எடை அதிகமுள்ள சர்க்கரை நோயாளிகளுக்கான துணை மருந்து என்று 1976 முதல் விற்கப்பட்டது. நடைமுறையில் பலருக்கும் பசியைக் குறைக்கும் மாத்திரையாகவே எழுதித் தரப்பட்டது. சுமார் 50 லட்சம் பேர் சாப்பிட்டார்கள். உடலுக்குள் போனதும் இந்த மருந்து எதுவாக மாறுகிறது தெரியுமா? ஃபென்ஃப்ளூரமின் உடலில் உடைந்து உண்டாக்கும் அதே பொருளாக! அமெரிக்காவில் 1997-லேயே விரட்டப்பட்ட ஆபத்து, வேறு பெயரில் பிரான்ஸில் 2009 வரை கடையில் இருந்தது.

பிரெஸ்ட் நகரைச் சேர்ந்த நுரையீரல் சிகிச்சை மருத்துவர் ஐரீன் ஃப்ரஷோன், இதய வால்வு கெட்டு வந்த நோயாளிகளின் ஃபைல்களைப் புரட்டிப் புரட்டி இந்தத் தொடர்பைக் கண்டுபிடித்தார். 2009 நவம்பரில் மருந்து திரும்பப் பெறப்பட்டது. இறந்தவர்கள் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள் என்று மதிப்பிடப்பட்டது. 2021 மார்ச்சில் பாரிஸ் நீதிமன்றம், மருந்து நிறுவனமான செர்வியேவைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்து 27 லட்சம் யூரோ அபராதம் விதித்தது.

இந்தியாவில் தடை... ஆனாலும் வருகிறது

நம் ஊரிலும் எடை குறைப்புக்காகப் பரவலாக எழுதப்பட்ட மருந்து சிபுட்ரமின். மூளையில் பசி உணர்வைக் குறைக்கும். இதய நோய் ஆபத்துள்ள சுமார் 9,800 பேரிடம் நடத்தப்பட்ட பெரிய ஆய்வில், இந்த மருந்தைச் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றுக்கான ஆபத்து 16 சதவிகிதம் அதிகம் என்று தெரிந்தது. 2010-ல் ஐரோப்பாவும் அமெரிக்காவும் இதைச் சந்தையிலிருந்து விலக்கின. 2011 பிப்ரவரியில் இந்தியாவும் தடை செய்தது.

அதற்கு முன்பே ரிமோனபன்ட் என்ற மாத்திரை மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும் தூண்டுகிறது என்று 2008-ல் ஐரோப்பாவில் நிறுத்தப்பட்டது. 2009-ல் இந்தியாவிலும் தடை வந்தது. 2012-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லோர்காசெரின், புற்றுநோய் ஆபத்து குறித்த கவலையால் 2020-ல் திரும்பப் பெறப்பட்டது.

தடை செய்துவிட்டார்களே, இனி என்ன பயம் என்று இருந்துவிட முடியாது. '100 சதவிகிதம் இயற்கை' என்று லேபிள் ஒட்டிய எடை குறைப்பு கேப்ஸ்யூல்களைப் பரிசோதித்தபோது, அவற்றுக்குள் சிபுட்ரமின் மறைத்துக் கலக்கப்பட்டிருப்பதை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்துவருகிறது. பேதி மருந்தாக இருந்து, புற்றுநோய் அச்சத்தால் பல நாடுகளில் கைவிடப்பட்ட ஃபினால்ஃப்தலின் என்ற பொருளும் அவற்றில் சிக்கியிருக்கிறது. 'மூலிகை மாத்திரை ஒரே வாரத்தில் பசியையே நிறுத்திவிட்டது' என்று யாராவது ஆச்சர்யப்பட்டால், சந்தோஷப்படுவதைவிடச் சந்தேகப்படுவதுதான் நல்லது.

"கொடம்புளிதானே... அதுல என்ன இருக்கு?"

கேரளத்து மீன் குழம்புக்குப் புளிப்பு தரும் கொடம்புளியை நமக்குத் தெரியும். அதன் தாவரவியல் பெயரான 'கார்சினியா கம்போஜியா' என்று டப்பாவில் அச்சிட்டதும் அது எடை குறைக்கும் அதிசயமாகிவிடுகிறது. இதிலுள்ள ஹைட்ராக்ஸிசிட்ரிக் அமிலம்தான் கொழுப்பு சேராமல் தடுக்கிறது என்பது விளம்பரம்.

1998-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியான ஓர் ஆய்வில், 135 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குக் கொடம்புளிச் சாறு, மற்ற பிரிவுக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. இரண்டு பிரிவுக்கும் ஒரே மாதிரியான உணவுக் கட்டுப்பாடு. 12 வாரம் கழித்துப் பார்த்தால், கொடம்புளிப் பிரிவு சராசரியாக 3.2 கிலோ குறைந்திருந்தது. வெற்று மாத்திரைப் பிரிவு 4.1 கிலோ! அதாவது, குறைத்தது உணவுக் கட்டுப்பாடுதான்.

குழம்பில் இரண்டு சுளை கொடம்புளி போடுவதால் ஒன்றும் ஆகாது. ஆனால், அதையே பிழிந்து, செறிவாக்கி, கேப்ஸ்யூலில் அடைத்துத் தினமும் சாப்பிடும்போது சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டிருக்கிறது. கிரீன் டீயும் அப்படித்தான். ஒரு கப் டீயாகக் குடிப்பது வேறு. அதன் சாற்றை மாத்திரையாகச் சாப்பிடுவது வேறு. அதிலுள்ள இ.ஜி.சி.ஜி என்ற பொருளை மாத்திரை வடிவில் தினமும் 800 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் எடுப்பது கல்லீரலுக்கு நல்லதல்ல என்று 2018-ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்தது. சமையலறையில் இருப்பதாலேயே ஒரு பொருள் எந்த அளவிலும் பாதுகாப்பானது என்று ஆகிவிடாது.

அப்படியென்றால், நல்ல மருந்தே இல்லையா?

இருக்கிறது. ஆனால், அவற்றுக்கும் எல்லை இருக்கிறது.

ஆர்லிஸ்டாட்: இது பசியைத் தொடாது. சாப்பாட்டிலுள்ள கொழுப்பில் சுமார் 30 சதவிகிதத்தைக் குடல் உறிஞ்சாமல் தடுக்கும். அந்தக் கொழுப்பு மலத்தோடு வெளியேறும். எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டுவிட்டு இதைப் போட்டுக்கொண்டால், மலம் எண்ணெயாகக் கசிவதும், அவசரமாக பாத்ரூமைத் தேடி ஓடுவதும் நடக்கும். ஏ, டி, இ, கே வைட்டமின்கள் உடலில் சேர்வதும் குறையும். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரண்டுக்கும் நடுவே குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி விட வேண்டும். கர்ப்பிணிகள் சாப்பிடக் கூடாது. இதில் குறையும் எடையும் சில கிலோக்கள்தான்.

செமாக்ளுடைட், டிர்செபடைட்: இப்போது எல்லோரும் பேசும் 'வாரம் ஒரு ஊசி' இவைதான். சாப்பிட்டதும் குடலில் சுரக்கும் ஹார்மோன்களைப்போலச் செயல்பட்டு, வயிறு நிறைந்த உணர்வைத் தரும். டிர்செபடைட் 2025 மார்ச்சிலும், எடை குறைப்புக்கான செமாக்ளுடைட் ஊசி 2025 ஜூனிலும் இந்தியாவுக்கு வந்தன. செமாக்ளுடைட் மாத்திரையாகவும் சர்க்கரை நோய்க்குக் கொடுக்கப்படுகிறது.

இவை நிஜமாகவே வேலை செய்கின்றன. 1,961 பேரிடம் நடந்த ஆய்வில், உணவு, நடைப்பயிற்சி ஆலோசனையோடு சேர்த்து செமாக்ளுடைட் எடுத்தவர்களுக்கு 68 வாரங்களில் சராசரியாக சுமார் 15 சதவிகித எடை குறைந்தது. 80 கிலோ இருப்பவர் என்றால் 12 கிலோ. கவனியுங்கள்... உலகமே கொண்டாடும் மருந்துக்கே அதற்கு ஒன்றேகால் வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. கூரியரில் வரும் டப்பா மட்டும் 30 நாளில் 10 கிலோ என்கிறது!

இன்னொரு விஷயம், மருந்தை நிறுத்திய பிறகு என்ன ஆகிறது என்பது. அதே ஆய்வில் பங்கேற்றவர்களில் ஒரு பகுதியினரைத் தொடர்ந்து கவனித்தபோது, நிறுத்திய ஓராண்டுக்குள், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. கல்யாணத்துக்காக நாலு மாதம் போட்டுவிட்டு நிறுத்தும் மருந்து அல்ல இது. ரத்தக் கொதிப்பு மருந்தைப்போல நீண்டகாலச் சிகிச்சை.

குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல் சகஜமான பக்கவிளைவுகள். பித்தப்பைக் கல், கணைய அழற்சி போன்றவை அரிதாக வரலாம். குடும்பத்தில் ஒருவகைத் தைராய்டு புற்றுநோய் உள்ளவர்களுக்கு இது கூடாது. குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்கள் செமாக்ளுடைட்டைக் குறைந்தது இரண்டு மாதங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும். கல்யாணத்துக்காக இதைத் தேடும் பெண்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. எடையோடு தசையும் கொஞ்சம் கரையும் என்பதால், பருப்பு, முட்டை, மீன், பயறு போன்ற புரத உணவும் உடற்பயிற்சியும் கட்டாயம்.

யாருக்கு மருந்து தேவை?

கிலோவில் இருக்கும் எடையை, மீட்டரில் இருக்கும் உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவது பி.எம்.ஐ. இந்தியர்களுக்கு 23-க்கு மேல் அதிக எடை, 25-க்கு மேல் உடல்பருமன் என்று கணக்கிடப்படுகிறது. ஆனால், மருந்து தொடங்க உலக அளவில் பொதுவாகப் பின்பற்றப்படும் வரம்பு, பி.எம்.ஐ 30 அல்லது சர்க்கரை, ரத்தக் கொதிப்பு போன்றவை இருந்தால் 27. இந்தியர்களுக்குச் சற்றுக் குறைவான வரம்பிலும் டாக்டர்கள் முடிவெடுப்பது உண்டு.

160 சென்டிமீட்டர் உயரமும் 62 கிலோ எடையும் உள்ள மணப்பெண்ணின் பி.எம்.ஐ சுமார் 24. அவருக்குத் தேவை மாத்திரை அல்ல. அத்தையின் வாயை மூடவைக்க ஒரு வழிதான்.

எடை ஏன் கூடியது என்று பார்ப்பதும் முக்கியம். தைராய்டு குறைபாடு, பி.சி.ஓ.டி, ஸ்டீராய்டு மாத்திரை, சில மனநல மருந்துகள், தூக்கமின்மை எனக் காரணம் வேறாக இருக்கலாம். காரணத்தை விட்டுவிட்டுப் பசியை மட்டும் அடக்குவது, குழாயை மூடாமல் தரையைத் துடைப்பது மாதிரி.

டப்பாவைத் திறக்கும் முன்...

* 'உடல்பருமனைக் குணப்படுத்தும்' என்று மருந்துகளை விளம்பரம் செய்வதே சட்டப்படி தவறு. 1954-ம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டத்தில், இப்படி விளம்பரம் செய்யக் கூடாத நோய்களின் பட்டியலில் உடல்பருமனும் இருக்கிறது. விளம்பரத்திலேயே சட்டத்தை மீறுகிறவர், டப்பாவுக்குள் மட்டும் ஒழுங்காக இருப்பாரா?

* எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ-யின் 14 இலக்க எண் இருந்தால், அது உணவுப் பொருளுக்கான உரிமம். எடை குறையும் என்பதற்கு அரசு கொடுத்த சான்றிதழ் அல்ல. சித்த, ஆயுர்வேத மருந்து என்றால் தயாரிப்பு உரிம எண், உட்பொருள்களின் பட்டியல், பேட்ச் எண், காலாவதி தேதி இருக்க வேண்டும்.

* லேபிளே இல்லாமல் கவரில் போட்டுத் தரும் மாத்திரை, பொடி எதையும் வாங்காதீர்கள். கொடுப்பவர் பக்கத்து வீட்டு அக்காவாக இருந்தாலும், ஜிம் டிரெய்னராக இருந்தாலும்!

* டாக்டர் சீட்டு கேட்காமல் எடை குறைப்பு ஊசியை விற்க ஒரு கடை முன்வந்தால், அந்தக் கடையை விட்டு நகர்ந்துவிடுங்கள்.

ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால்?

பயப்பட வேண்டாம். ஆனால், மறைக்கவும் வேண்டாம். டப்பாவோடு டாக்டரைப் பாருங்கள். கல்லீரல், சிறுநீரகம், உப்புகளின் அளவு, ரத்த அழுத்தம், தேவைப்பட்டால் இ.சி.ஜி பார்த்துவிடலாம்.

படபடப்பு, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம். கண் மஞ்சளாவது, சிறுநீர் அடர்நிறமாகப் போவது. மேல்வயிற்றில் ஆரம்பித்து முதுகுவரை பரவும் கடும் வலியோடு வாந்தி. காரணமில்லாமல் உடல் கொதித்து வியர்ப்பது... இவற்றில் எது வந்தாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். 108-ஐ அழையுங்கள். மாத்திரை டப்பாவைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். உள்ளே போனது என்னவென்று தெரிந்தால்தான் சிகிச்சையைச் சீக்கிரம் தொடங்க முடியும். 'அம்மா திட்டுவாங்க' என்று மறைக்கும் அரை மணி நேரம் உயிரின் விலையாகிவிடலாம்.

மனம் சோர்ந்து, வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் பேசலாம். மருந்தின் பக்கவிளைவுகளை 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் பதிவு செய்யலாம். ஃபார்கோவின் டெக்னீஷியனைப்போல யாரோ ஒருவர் கவனித்துச் சொன்னதால்தானே பல பேர் தப்பினார்கள்!

வீட்டில் பேச வேண்டிய பேச்சு

எடையைக் குறைக்க வேண்டிய தேவை இருந்தால், வாரத்துக்கு அரை முதல் ஒரு கிலோ என்பது பாதுகாப்பான வேகம். கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருக்கிறது என்றால் 12 வாரம். அவசரமே இல்லாமல் ஆறு கிலோ குறைக்க முடியும். அதற்கு வேண்டியது, தட்டில் சோற்றைக் குறைத்துக் காயையும் பருப்பையும் கூட்டுவது, டீயில் சர்க்கரையை விடுவது, தினமும் முக்கால் மணி நேரம் நடப்பது, ராத்திரி நேரத்துக்குத் தூங்குவது. கேட்டுக்கேட்டு அலுத்த அறிவுரைதான். ஆனால், இதற்காக இதய வால்வைப் பறிகொடுத்தவர் யாருமில்லை. இருக்கும் எடையில் 5 முதல் 10 சதவிகிதம் குறைத்தாலே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் வர ஆரம்பிக்கும்.

எத்தனை கிலோ என்பதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. அந்த டப்பா ஏன் துணிகளுக்கு அடியில் ஒளிந்துகொண்டது? 'குண்டு', 'பூசணிக்காய்', 'இவளுக்கு எந்தக் கடையில சைஸ் கிடைக்கும்' என்று விளையாட்டாகச் சொல்வதாக நினைத்து வீட்டில் வீசும் வார்த்தைகள்தான் அதை ஆர்டர் செய்யவைத்தன. மகள் திடீரென்று சாப்பாட்டைத் தவிர்க்கிறாளா, சாப்பிட்டதும் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாளா, ராத்திரி தூங்காமல் படபடப்பாக இருக்கிறாளா என்று கவனியுங்கள். பீரோவில் டப்பா கிடைத்தால் சத்தம் போடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "இது யாரு சொல்லி வாங்கினேம்மா? வா, நாளைக்கு டாக்டர்கிட்ட கேட்டுட்டு வந்துடலாம்" என்று சொல்லுங்கள்.

டெய்லர் அக்கா உள்ளே விட்ட துணியைப் பிரித்துத் தைக்க அரை மணி நேரம் போதும். கெட்டுப்போன கல்லீரலை அப்படிப் பிரித்துத் தைக்க முடியாது.

(அடுத்த வாரம்: தைராய்டு மாத்திரை... எப்போது, எப்படிச் சாப்பிட வேண்டும்?)